தேய்மானம் தாங்கும் பிளாஸ்டிக் பாகங்கள்: ராட் வாங்குவதற்கு முன்பிருந்து புஷ் மாட்டும் வரை

துணி அலசும் இயந்திரம் ஒன்றின் உருளைகளுக்கு 24 புஷ்கள் (ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, உரசி ஓடும் வளைய உறைகள்) வேண்டும் என்று கேட்டார்கள். பழைய கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷைக் கையில் கொடுத்து, "எண்ணெய் விட ஆள் இல்லை, இதே அளவில் நைலானில் செய்து கொடுங்கள்" என்றார்கள். காஸ்ட் நைலான் (வார்த்த நைலான்) ராட், அதாவது உருண்டைக் கம்பி, வாங்கினேன். பழைய அளவையே எடுத்துக்கொண்டேன். ஹவுசிங்கில் (புஷ் உட்காரும் கூட்டில்) அழுத்தி மாட்டிய பிறகு, 40 மி.மீ. ஷாஃப்டுக்காகத் துளையை 40.05 மி.மீ.க்கு போரிங் செய்து (உள்ளே கடைந்து), கையால் சுழற்றிக் காட்டிவிட்டு வந்தேன். அழகாகச் சுழன்றது.

நான்காம் நாள் காலையில் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தால் உருளைகள் நின்றுவிட்டன. நிற்கும் உருளைமேல் துணி இழுபட்டு, நீளத்துக்கும் கோடு விழுந்திருந்தது. புல்லர் போட்டு ஷாஃப்டை இழுத்தெடுத்துத் துளையை அளந்தேன். 39.8-க்கும் கீழே காட்டியது. உள்சுவரில் தேய்ந்த அடையாளமே இல்லை. 60 டிகிரி வெந்நீரை நான்கு நாள் குடித்த நைலான் ஊதி, ஷாஃப்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. ராட் விலை, கூலி, மறுபடி செய்த செலவு எல்லாம் என்னுடையது. அதைவிட, அந்த ஆலையின் கோடு விழுந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் உறுத்துகிறது.

கோவையில் இரும்பும் கன்மெட்டலும் பல ஆண்டுகள் கடைந்துவிட்டு, ஆர்டர் வந்ததே என்று பிளாஸ்டிக்குக்குள் காலை வைக்கும் பட்டறைக்காரர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நீங்கள் அவர்களில் ஒருவரென்றால், ராட் வாங்கக் கிளம்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. ஆர்டர் கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை

பழைய பாகத்தைக் கொடுத்து "இதே மாதிரி" என்பார்கள். அதோடு ராட் கடைக்குப் போய்விடாதீர்கள். முடிந்தால் இயந்திரத்தை நேரில் பாருங்கள். பாகம் தண்ணீரில் நனைகிறதா, நீராவி படுகிறதா? ஓடும்போது எவ்வளவு சூடாகிறது? எவ்வளவு எடை அதன்மேல் நிற்கிறது, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது? எதிரே உரசுவது கடினப்படுத்திய ஷாஃப்டா, மென்மையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? மணல், சிமென்ட் தூள், உமி விழும் இடமா? அமிலம், பிளீச்சிங், பெராக்சைடு வருமா? உணவுப் பொருள் படுமா?

விடைகளை ஒரு தாளில் எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல்முறை இதைச் செய்திருந்தால் "வெந்நீர்" என்ற ஒரு சொல் என்னைக் காப்பாற்றியிருக்கும். நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் அது சொல்ல வேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை.

2. எந்த இடத்துக்கு எந்தப் பொருள்

காஸ்ட் நைலான்: உறுதியானது, அடி தாங்கும், விலையும் கட்டுப்படி. உலர்ந்த இடத்தில் புஷ், பல்சக்கரம், கயிற்றுச் சக்கரம் எதற்கும் நான் முதலில் இதைத்தான் நினைப்பேன். இதன் ஒரே பெரிய குறை தண்ணீர். காற்றில் இருக்கும் ஈரத்தையே தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை உறிஞ்சும். நீரில் மூழ்கிக் கிடந்தால் 6 சதவீதத்துக்கும் மேலே போகும். உறிஞ்சும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் நீள அகலங்கள் ஏறத்தாழ 0.25 முதல் 0.3 சதவீதம் வளரும். 100 மி.மீ. பாகம் ஒன்றரை மி.மீ. வளர்வது இப்படித்தான்.

அசிட்டால்: கடைகளில் எல்லாவற்றையும் டெல்ரின் என்றே சொல்வார்கள். டெல்ரின் என்பது ஒரு வணிகப் பெயர், அது ஹோமோபாலிமர் (ஒரே அலகால் ஆன சங்கிலி) வகை. நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது கோபாலிமர் (வேறொரு அலகும் கலந்த சங்கிலி). வெந்நீருக்குக் கோபாலிமர்தான் நல்லது, எனவே எது என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் ஊறவைத்தாலும் 1 சதவீதத்துக்குள்தான் உறிஞ்சும் என்பதால் அளவு நிற்கும். கடைவதற்கும் இதைப்போல் சுகமானது வேறில்லை. வலுவான அமிலமும் குளோரினும் ஆகாது. அசிட்டால் சக்கரத்தோடு அசிட்டால் சக்கரத்தைக் கோக்காதீர்கள், கீச்சிட்டுக்கொண்டு தேயும். ஒன்றை நைலானில் செய்தால் இரண்டும் நீண்ட நாள் ஓடும்.

யு.எச்.எம்.டபிள்யூ. (மிக உயர் மூலக்கூறு எடை) பாலிஎத்திலீன்: தூள், மணல், சேறு உரசும் இடத்துக்கு இதுதான். சரிவுத் தகடு, கன்வேயரின் சறுக்குப் பட்டை ஆகியவற்றில் இரும்பைவிட அதிக நாள் வருவதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை உறிஞ்சாது, பெரும்பாலான ரசாயனங்களைத் தாங்கும். ஆனால் மென்மையானது, எடை தாங்காது, 80 டிகிரிக்கு மேல் நம்பக்கூடாது. நுட்பமான அளவுள்ள புஷ்ஷுக்கு இதை எடுக்காதீர்கள்.

டெஃப்லான்: 260 டிகிரி வரை தாங்கும், வழுக்கும். தனியாக இருந்தால் எடைக்கு அமுங்கி மெல்ல வழிந்துவிடும். அதனால்தான் கண்ணாடி இழை, கார்பன், வெண்கலத் தூள் கலந்து விற்கிறார்கள். கண்ணாடி இழை கலந்ததை மென்மையான ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டில் போட்டால் புஷ் நன்றாக இருக்கும், ஷாஃப்ட் அரைபட்டுத் தேயும். அங்கே கார்பன் கலந்ததைக் கேளுங்கள்.

பீக்: 250 டிகிரி, வெந்நீர், நீராவி, பெரும்பாலான ரசாயனம் ஆகியவற்றுக்கு நிற்கும். விலை நைலானைப்போல் பல மடங்கு என்ற கணக்கில் பேச வேண்டியது. மற்றதெல்லாம் தோற்ற பிறகே இதற்குப் போங்கள்.

3. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்

பிளாஸ்டிக் புஷ் பெரும்பாலும் உரசலில் வரும் சூட்டினால் சாகிறது. அந்தச் சூட்டை முன்கூட்டியே ஊகிக்கும் கணக்குக்கு பி.வி. என்று பெயர். அழுத்தத்தை வேகத்தால் பெருக்குவது, அவ்வளவுதான்.

என் உருளைக்கு ஒரு புஷ்மேல் வரும் எடை சுமார் 600 நியூட்டன், அதாவது 60 கிலோ. துளை 40, நீளம் 45 என்றால் பரப்பு 1800 சதுர மி.மீ. எனவே அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.33 நியூட்டன். துணி நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடுகிறது. உருளை விட்டம் 150, ஷாஃப்ட் விட்டம் 40 என்பதால் உரசும் இடத்தில் வேகம் நிமிடத்துக்கு 8 மீட்டர், நொடிக்கு 0.13 மீட்டர். பெருக்கினால் 0.043. எண்ணெய் இல்லாமல் ஓடும் அசிட்டாலுக்குத் தயாரிப்பாளர் பட்டியல்கள் 0.1-ஐ ஒட்டிய எல்லையைக் காட்டும். நீங்கள் வாங்கும் ராட்டின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எண்ணின் பாதிக்குள் உங்கள் எண் நின்றால் துணிந்து செய்யுங்கள். மேலே போனால் புஷ்ஷை நீளமாக்குங்கள், அல்லது எண்ணெய் கலந்த நைலான் போன்ற வேறு வகையைப் பாருங்கள்.

4. கன்மெட்டல் கிளியரன்ஸை மறந்துவிடுங்கள்

நான் விழுந்த குழி இது. கிளியரன்ஸ் என்பது ஷாஃப்டுக்கும் துளைக்கும் இடையே விடும் இடைவெளி. கன்மெட்டலுக்கு 40 ஷாஃப்டில் 0.05 போதும். பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு ஷாஃப்ட் விட்டத்தில் அரை சதவீதத்திலிருந்து தொடங்குங்கள்: 40-க்கு 0.20. அதன்மேல் சூட்டுக்குக் கூட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் இரும்பு 0.012 மி.மீ. நீள்கிறது என்றால் அசிட்டால் 0.11 வரை நீள்கிறது. வெளியே இரும்பு ஹவுசிங் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த வளர்ச்சி உள்ளே துளைப் பக்கம்தான் வரும். இரண்டாம் முறை அசிட்டாலில் செய்தபோது, 30 டிகிரி பட்டறையிலிருந்து 60 டிகிரி நீருக்குப் போகிறது என்று 0.10 கூட்டி, துளையை 40.30 வைத்தேன். கையால் ஆட்டினால் தொளதொள என்று தெரியும். ஆலைக்காரர் முகம் சுருங்கியது. எழுதிய கணக்கைக் காட்டி ஒத்துக்கொள்ள வைத்தேன். அந்தப் புஷ்கள் இன்றும் ஓடுகின்றன.

இன்னும் மூன்று செய்திகள். புஷ்ஷை இறுக்கமாக அழுத்தி மாட்டும்போது, வெளிவிட்டத்தில் வைத்த இறுக்கம் ஏறக்குறைய முழுதும் துளைச் சுருக்கமாக வரும். 0.25 இறுக்கம் வைத்தால் துளை 0.25 குறையும். அதனால் முடிந்தவரை மாட்டிய பிறகு போரிங் செய்யுங்கள். சுவரையும் தேவைக்குமேல் தடிமனாக வைக்காதீர்கள். தடிமன் கூடக்கூட வீக்கமும் கூடும், சூடும் வெளியே போகாது. நீளவாக்கிலும் இடம் விடுங்கள். 45 மி.மீ. புஷ் அந்த 30 டிகிரியில் 0.15 வளர்கிறது. இரு பக்கமும் முட்டுக்கொடுத்து அடைத்தால் வளைந்து ஷாஃப்டைப் பிடிக்கும்.

5. ராட் வாங்கும்போது

ராட் கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. கிலோ விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். 50 மி.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம் என்றால் யு.எச்.எம்.டபிள்யூ. 1.85 கிலோ, நைலான் 2.26, அசிட்டால் 2.77, டெஃப்லான் 4.3 கிலோ வரும். ராட் குறித்த அளவைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் வார்ப்பார்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு. எனவே எப்போதும் மீட்டர் விலையாக மாற்றிப் பாருங்கள்.

என் 24 அசிட்டால் புஷ்களின் கணக்கு இது. 55 மி.மீ. ராட்டில், வெட்டுக்கும் முகம் சீர்செய்யவும் ஒன்றுக்கு 5 மி.மீ., சக்கில் பிடிக்கக் கொஞ்சம் உபரி எல்லாம் சேர்த்து 1.25 மீட்டர் வேண்டியிருந்தது. 4.2 கிலோ. முடிந்த 24 புஷ்களின் மொத்த எடை 1.1 கிலோதான். முக்கால் பங்கு சுருளாகப் போனது. நடுவில் துளையோடு வரும் குழாய் ராட் 35 மி.மீ. உள்விட்டத்தில் கிடைத்திருந்தால் 2.5 கிலோவில் முடிந்திருக்கும், ட்ரில் செய்யும் நேரமும் மிச்சம். என்னென்ன அளவில் குழாய் இருக்கிறது என்று கடையில் முதலிலேயே கேளுங்கள்.

போலி நிறைய. மறுசுழற்சி செய்த நைலான் புதியதென்று வரும். சாதாரணக் கறுப்புச் சாயம் போட்ட நைலான், மாலிப்டினம் டைசல்பைடு என்ற வழுக்குப் பொருள் கலந்தது என்ற பெயரில் கூடுதல் விலைக்கு வரும். நிறத்தை வைத்து எதையும் நம்பாதீர்கள். தொகுதி எண் போட்ட சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், அதே எண் ராட்டின்மேலும் இருக்கிறதா பாருங்கள். எது எந்த வகை என்றே சந்தேகம் வந்தால் ஒரு வாளி போதும். யு.எச்.எம்.டபிள்யூ. தண்ணீரில் மிதக்கும். நைலானும் அசிட்டாலும் மூழ்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் நைலான் மேலே வந்துவிடும், அசிட்டால் அடியிலேயே கிடக்கும். சாயம் போடாத, எதுவும் கலக்காத ராட்டுக்குத்தான் இந்தச் சோதனை சரி.

தடித்த அசிட்டால் ராட்டை வெட்டியதும் நடுமையத்தைப் பாருங்கள். வெண்மையான புள்ளியோ நுண்ணிய ஓட்டைகளோ தெரிந்தால், மையம் துளையாகப் போகும் புஷ்ஷுக்குப் பரவாயில்லை. திடமான பாகத்துக்கும் உணவு படும் பாகத்துக்கும் ஆகாது.

உணவு, மருந்து இயந்திரம் என்றால் உணவுத் தொடர்புச் சான்றும் வேண்டும். ஏற்றுமதி ஆலைகள் பெரும்பாலும் அமெரிக்க விதியைக் கேட்கும்: 21 சி.எஃப்.ஆர். என்ற விதித்தொகுப்பில் நைலானுக்கு 177.1500, பாலிஎத்திலீனுக்கு 177.1520, அசிட்டால் கோபாலிமருக்கு 177.2470. பாகத்தைக் கொடுத்த பிறகு இந்தக் காகிதத்தைத் தேடினால் கிடைக்காது, ராட் வாங்கும் அன்றே வாங்கி வையுங்கள். ஆலையே ராட் கொடுத்து வேலையை மட்டும் செய்யச் சொன்னால் டெலிவரி சலான் இல்லாமல் இறக்காதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்தப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பிப் போக வேண்டும்.

6. லேத்தில்

இரும்பு கடைந்த டூலை அப்படியே போடாதீர்கள். மழுங்கிய முனை பிளாஸ்டிக்கை வெட்டாது, அமுக்கித் தேய்த்துச் சூடாக்கும். அலுமினியத்துக்கு விற்கும், பூச்சு இல்லாத, பளபளப்பாகத் தீட்டிய கார்பைடு இன்செர்ட்டை வாங்கி, பிளாஸ்டிக்குக்கு மட்டும் என்று எழுதிய டப்பாவில் வையுங்கள். 50 மி.மீ. நைலானுக்கும் அசிட்டாலுக்கும் நிமிடத்துக்கு 1500 சுற்று, சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட் (டூல் நகரும் தூரம்) என்று தொடங்கினால் சரியாக வரும். ஃபீடை மிகவும் குறைத்தால் டூல் ஒரே இடத்தில் தேய்த்து உருக்கும். குளிர்விக்கக் காற்று போதும். நைலானைக் கட்டிங் ஆயில் கலந்த நீரில் நனைத்துக் கடைந்தால் அளவு பிறகு நகரும்.

சுருள் உடையாது. ரிப்பன்போல் வந்து சக்கைச் சுற்றும். காற்றால் ஊதி விலக்குங்கள், சுழலும்போது கையால் இழுக்கவே கூடாது. சுற்றிக்கொண்டால் லேத்தை நிறுத்திவிட்டு வெட்டி எடுங்கள்.

ட்ரில் செய்யும்போதுதான் அதிகம் கெடுகிறது. பெரிய ட்ரில்லை ஒரே மூச்சில் இறக்கினால் காஸ்ட் நைலான் ராட் படீரென்று பிளக்கும். சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் போரிங் பாரால் முடியுங்கள். சில மி.மீ.க்கு ஒருமுறை ட்ரில்லை வெளியே எடுத்துச் சுருளை உதறுங்கள். அசிட்டாலில் கண் எரியும் நெடி வந்தால் உடனே நிறுத்துங்கள். அது ஃபார்மால்டிஹைடு, பிளாஸ்டிக் சூட்டில் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அசிட்டால் தீப்பிடித்தால் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, எனவே அதன் சுருளை இரும்புத் தொட்டியில் தனியாகப் போடுங்கள். டெஃப்லான் கடையும் இடத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. விரலில் ஒட்டிய தூள் புகையோடு எரிந்து உள்ளே போனால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். எந்தக் கழிவையும் கொளுத்தாதீர்கள்.

இனி, பிடிப்பது. முதல் புஷ்ஷை மூன்று தாடைச் சக்கில் இறுக்கிப் பிடித்துத் துளை கடைந்து முடித்தேன். சக்கில் இருக்கும்போது துளை சுத்த வட்டம். கழற்றியதும் மூன்று இடத்தில் ஒரு மாதிரி, இடையில் ஒரு மாதிரி, 0.15 வித்தியாசம் காட்டியது. அருகே இருந்த மூத்த டர்னர் பார்த்துவிட்டு, "தம்பி, நீ வட்டமாகக் கடைந்தது அமுங்கி இருந்த புஷ்ஷை. விட்டதும் அது தன் பழைய உருவத்துக்குப் போய்விட்டது" என்றார். அவர் சொல்லி, புஷ்ஷின் வெளிவிட்டத்துக்கே போரிங் செய்த ஸாஃப்ட் ஜாவில் (கடைந்து வடிவமைக்கும் மென்மையான தாடையில்), முழுச் சுற்றும் தழுவும்படி, லேசாகப் பிடித்தேன். வித்தியாசம் 0.02-க்கு வந்தது.

பிசிரை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதிலிருக்கும் மணி பிளாஸ்டிக்கில் பதிந்து, நாள் முழுதும் ஷாஃப்டை அறுக்கும். கூரான கத்தியை ஒருமுறை ஓட்டினால் போதும்.

7. ஒரு நாள் ஆறவிட்டு அளவு பாருங்கள்

ராட்டுக்குள் வார்ப்பில் வந்த இழுவிசை இருக்கும். தோலை உரித்ததும் அது விடுபட்டு வடிவம் நகரும். ஒவ்வொரு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. விட்டு முதல் கடைசலை முடித்து, 24 மணி நேரம் மேஜையில் கிடத்தி, பிறகு இறுதி அளவுக்கு வாருங்கள். இதற்கு நேரமில்லை என்பார்கள். இந்த ஒரு நாளை விட்டால் பிறகு ஒரு வாரம் போகும்.

ஆலையின் குளிர்சாதன அறையில் 20 டிகிரியில் அளப்பார்கள். நம் பட்டறையில் 32. 100 மி.மீ. நைலான் பாகம் இந்த வித்தியாசத்துக்கே 0.1 மி.மீ. மாறும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதைச் சலானிலேயே எழுதுங்கள். டெஃப்லானுக்கு இது இன்னும் முக்கியம். 19 டிகிரியை ஒட்டி அதன் கன அளவு 1 சதவீதத்துக்கும் மேல் தாவுகிறது. டிராயிங்கில் இரும்புக்கு எழுதும் 0.02 டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வு) இருந்தால் வேலையை எடுக்கும் முன்பே பேசி மாற்றுங்கள். அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக்குறைய என்பது நியாயமான பேச்சு.

8. மாட்டும்போது

சறுக்குப் பட்டைகளை இரு முனையிலும் திருகு போட்டு இறுக்காதீர்கள். ஒரு மீட்டர் யு.எச்.எம்.டபிள்யூ. பட்டை 30 டிகிரி ஏற்றத்தில் 5 மி.மீ.க்கு மேல் நீளும், அடியிலுள்ள இரும்பு 0.36 மட்டுமே. ஒரு முனையை மட்டும் நிலையாகப் பொருத்தி, மற்ற துளைகளை நீள்துளையாக்குங்கள். இல்லையென்றால் மதிய வெயிலில் பட்டை பாம்புபோல் நெளியும். பழைய ஷாஃப்டில் கோடு விழுந்திருந்தால் அதையும் சீர்செய்யச் சொல்லுங்கள். நகத்தில் தட்டும் கோடு இருக்கும் ஷாஃப்ட் எந்தப் புஷ்ஷையும் விடாது.

9. விலையும் நாளும் சொல்வது

ராட் எடை, வெட்டுச் சேதம், இருமுறை சக்கில் ஏற்றும் கூலி, ஸாஃப்ட் ஜா செலவு, சோதனைக்குப் போகும் இரண்டு உபரிப் பாகங்கள், 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். சுருளை வகை வாரியாகத் தனிச் சாக்கில் சேர்த்தால் விலை போகும், கலந்துவிட்டால் குப்பை. நைலானும் அசிட்டாலும் கோவையில் கையிருப்பில் கிடைத்துவிடும் என்பதால் ஒரு வாரம் சொன்னால் போதும். பீக், பெரிய விட்டம், சான்றிதழோடு கேட்கும் உணவு வகை ஆகியவற்றுக்குக் கடைக்காரர் தேதியை எழுத்தில் கொடுத்த பிறகே நீங்கள் தேதி கொடுங்கள்.

மொத்த ஆர்டரையும் ஒரே முறையில் செய்யாதீர்கள். இரண்டு புஷ் மட்டும் செய்து கொடுத்து, அவர்கள் இயந்திரத்தில், அவர்கள் தண்ணீரில், அவர்கள் சூட்டில் இரண்டு வாரம் ஓடட்டும். கழற்றி அளந்து, எண்ணை எழுதி வைத்துக்கொண்டு மீதி 22-ஐத் தொடங்குங்கள். உபரிக்குச் செய்து கொடுக்கும் நைலான் பாகங்களைக் காற்றுப் புகாத உறையில் ஒட்டி, தேதியும் அன்று அளந்த விட்டமும் உறைமேல் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஈரமான ஸ்டோர் அறையிலிருந்து எடுத்து மாட்டப்போகிறவர் அந்த எண்ணோடு ஒப்பிட்டு ஒருமுறை அளந்துவிட்டே மாட்ட வேண்டும்.